பொருளைச் சுற்றி எத்தனை உறை வேண்டும்? தேவையில்லாத பிளாஸ்டிக்கைப் பற்றி ஓர் இழை

#1 தேன்சிட்டு

பிளாஸ்டிக்கே கெட்டது என்று தொடங்கும் இழைகள் இங்கே ஏற்கெனவே நிறைய உண்டு. இதில் நான் பேச விரும்புவது வேறு. ஒரு பொருளோடு சேர்ந்து வீட்டுக்கு வரும் உறைகளில் எது வேலை செய்கிறது, எது சும்மா கூட வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு மெமரி கார்டு வாங்கினேன். நகத்தளவுதான் இருக்கும். அது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருந்தது. டப்பா, உள்ளங்கையைவிடப் பெரிய கெட்டிப் பிளாஸ்டிக் ஓட்டுக்குள். ஓட்டுக்குள்ளேயே வண்ணத்தில் அச்சிட்ட அட்டை. எல்லாம் சேர்ந்து ஒரு அட்டைப் பெட்டிக்குள், காற்று நிரப்பிய பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே. கத்தரிக்கோல் இல்லாமல் அந்த ஓட்டைத் திறக்க முடியாது.

பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, 2019இல் உலகில் உருவான பிளாஸ்டிக் கழிவு 35 கோடி டன்னுக்கு மேல். அதில் ஏறத்தாழ 40 சதவீதம் பொருட்களைப் பொதியும் உறைகள். மறுசுழற்சியாகித் திரும்ப வருவதோ மொத்தத்தில் 9 சதவீதம்தான். ஆகவே, வாங்கியதும் பிரித்து எறிகிற இந்தப் பங்கில்தான் முதலில் கை வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: அந்த ஓடு எதற்கு?

#2 அட்டைப்பெட்டி

பொதி வடிவமைப்பில் பல வருடங்களாக இருக்கிறேன். நேராகவே சொல்கிறேன். அந்த ஓடு கார்டைக் காப்பாற்ற வந்ததில்லை. கார்டைக் காப்பாற்ற உள்ளே இருக்கும் சின்ன டப்பா போதும். ஓடு கடைக்காக வந்தது.

கடையில் அதற்கு மூன்று வேலைகள். முதலாவது, திருட்டுத் தடுப்பு. நகத்தளவுப் பொருளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடலாம், உள்ளங்கையைவிடப் பெரிய கெட்டி ஓட்டை அப்படிப் போட முடியாது. சுலபமாகத் திறக்கவும் கூடாது, அதனால்தான் ஓரங்களை உருக்கி ஒட்டுகிறார்கள். இரண்டாவது, கொக்கியில் தொங்க வேண்டும். மூன்றாவது, நாலு அடி தள்ளி நிற்பவருக்கும் பெயர் தெரிய வேண்டும்.

இப்போது கவனியுங்கள். நீங்கள் அதை இணையத்தில் வாங்கியிருக்கிறீர்கள். அங்கே கொக்கி இல்லை, அலமாரி இல்லை, எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள ஆளும் இல்லை. மூன்று வேலையும் போய்விட்டது, ஓடு மட்டும் இருக்கிறது. காரணம், ஆலையில் ஒரே வரிசையில் எல்லாருக்கும் ஒரே பொதியாகப் போட்டுவிடுகிறார்கள். கடைக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று என்று இரண்டு வரிசை ஓட்டினால் செலவு.

அமேசான் 2008இல் 'எரிச்சலில்லாத பொதி' என்ற பொருளில் ஒரு திட்டம் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட 19 பொருட்களில் பொம்மைகளும் மெமரி கார்டுகளும் இருந்தன. ஓடு கிடையாது, பொம்மையைக் கட்டிப்போடும் கம்பி முறுக்குகள் கிடையாது, ஒரு சாதாரண அட்டைப் பெட்டி, அவ்வளவுதான். பொருள் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தது. ஆகவே, முடியுமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது.

#3 கிடங்குவாசி

ஓட்டைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். வெளிப்பெட்டியைப் பற்றி நான் சொல்கிறேன், அது என் வேலை.

கிடங்கில் பொதி கட்டும் மேஜையில் சில அளவுப் பெட்டிகள்தான் இருக்கும். ஒரு பொதிக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு வைத்திருப்பார்கள். சரியான அளவு தீர்ந்துபோனால் கைக்கு எட்டுகிற அடுத்த அளவை எடுப்போம். பெட்டிக்குள் பொருள் உருளக் கூடாது, ஆகவே மீதி இடத்தைக் காற்றுப் பையால் அடைக்கிறோம். வாங்குபவருக்குப் பார்த்தால் கோபம் வரும், நியாயம்தான். ஆனால் பொதி கட்டுகிறவர் அலட்சியத்தால் வந்தது இல்லை அது. பெட்டி அளவுகளை முடிவு செய்வது மேலே.

மேலே இருப்பவர்கள் எப்போது விழித்துக்கொண்டார்கள் தெரியுமா? 2015 தொடக்கத்தில் அமெரிக்காவின் இரண்டு பெரிய கூரியர் நிறுவனங்கள், யுபிஎஸ்ஸும் ஃபெடெக்ஸும், தரைவழியாகப் போகும் சின்னப் பொதிகளுக்கும் எடையோடு கன அளவையும் பார்த்துக் கட்டணம் போட ஆரம்பித்தன. அதுவரை பெட்டிக்குள் காற்று இலவசமாகப் பயணம் செய்தது. கட்டணம் வந்த பிறகு, பெட்டியைப் பொருளின் அளவுக்கே வெட்டி மடிக்கும் இயந்திரங்களை வாங்க நிறுவனங்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. அந்த இயந்திரத்தில் பொருளை வைத்தால் போதும், அதுவே அளந்து, அட்டையை வெட்டி, ஒட்டிக் கொடுத்துவிடும். உள்ளே அடைக்க எதுவும் தேவைப்படாது.

#4 மழைக்குருவி

நண்பர்களே, ஓடு, காற்றுப் பை எல்லாம் சரி. அங்கே எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் இந்தப் பேச்சு எப்போதும் அடுத்ததாகக் காய்கறிக்குப் போகும். அங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

வெள்ளரிக்காய் மேல் இறுக்கமாக ஒட்டிய பிளாஸ்டிக் தாளைப் பார்த்தால் எல்லாருக்கும் எரிச்சல் வரும். இயற்கையே தோல் கொடுத்திருக்கிறதே, இது எதற்கு என்று. ஆனால் வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர். உறை இல்லாமல் தூர தேசத்துக்குப் போனால் வற்றிச் சுருங்கிவிடும். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனம் ஸ்பெயினிலிருந்து வரும் வெள்ளரிக்கு இந்தக் கணக்கைப் போட்டது. அந்தக் காயின் மொத்தச் சூழல் பாதிப்பில் உறையின் பங்கு 1 சதவீதம் அளவுதான். ஒரு காய் வீணானால் ஏற்படும் பாதிப்பு, 93 உறைகளின் பாதிப்புக்குச் சமம். நீர் பாய்ச்சி, உரம் போட்டு, வண்டியில் ஏற்றி, குளிரூட்டி, கடைசியில் குப்பையில் போடுவதைவிட ஒரு மெல்லிய தாள் மேல் இல்லையா?

#5 தேன்சிட்டு

மழைக்குருவி, இந்தக் கணக்கை நானும் படித்திருக்கிறேன், அதை மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு காய்க்கு, ஒரு தூரத்துக்கு, ஒரு வகை உறைக்குப் போட்ட கணக்கு. அதைத் தூக்கிக்கொண்டுபோய் எல்லாக் காய்க்கும் பழத்துக்கும் போர்த்திவிடுகிறார்கள், என் சண்டை அதோடுதான்.

கழிவைக் குறைப்பதற்காக வேலை செய்யும் பிரிட்டனின் 'ராப்' அமைப்பு 2022இல் ஆப்பிள், வாழைப்பழம், ப்ரோக்கோலி, வெள்ளரி, உருளைக்கிழங்கு ஐந்தையும் எடுத்துக்கொண்டு, உறையோடும் உறையில்லாமலும், வெவ்வேறு வெப்பநிலையில் வைத்துப் பார்த்தது. வீட்டில் வைத்திருக்கும் காலத்தில் உறையால் பெரிய பலன் இல்லை, ஐந்து டிகிரிக்குக் கீழே இருக்கும் குளிர்சாதனப் பெட்டிதான் ஆயுளைக் கூட்டியது. அதைவிட முக்கியமான ஒன்று. ஆறு வேண்டிய இடத்தில் பன்னிரண்டைப் பையில் கட்டி விற்றால் மீதி ஆறு அழுகும். இந்த ஐந்தையும் உதிரியாக விற்று, பைமேல் அச்சிடும் தேதியையும் எடுத்துவிட்டால், பிரிட்டனில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 லட்சம் டன் உணவும் 10,300 டன் பிளாஸ்டிக்கும் மிச்சமாகலாம் என்று அவர்கள் கணித்தார்கள்.

அதாவது, உறையே உணவு வீணாவதற்குக் காரணமாகவும் இருக்கலாம்.

#6 அட்டைப்பெட்டி

இரண்டு பேரும் சொல்வது சரி, இரண்டும் ஒரே கேள்விக்கு வரும் வெவ்வேறு பதில்கள். எங்கள் துறையில் இதைக் கேட்கச் சொல்லித்தான் புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன்: இந்த உறையை எடுத்துவிட்டால் எது கெடும்? எங்கே கெடும்? எவ்வளவு நாளில்?

வெள்ளரி நெடுந்தூரப் பயணத்தில் கெடும், ஆகவே அந்தப் பாதைக்கு உறை. பக்கத்துத் தோட்டத்துக் காய்க்கு அந்தக் கேள்வியே எழாது. ஆப்பிளுக்கும் வாழைப்பழத்துக்கும் உறை எதையும் தடுப்பதில்லை, எண்ணிக்கையைக் கட்டித் தருகிறது, பட்டைக் குறியீட்டுக்கு இடம் தருகிறது, அவ்வளவே. அந்த வேலைக்கு வேறு வழி உண்டு. ஸ்வீடனின் ஐசிஏ கடைகளில் 2016இல் அவகாடோ, சர்க்கரைவள்ளிக் கிழங்கு இரண்டின் தோலிலேயே லேசரால் பெயரை எழுதிப் பார்த்தார்கள். மேல் தோலின் நிறத்தை மட்டும் லேசர் எடுக்கும், உள்ளே எதுவும் ஆகாது. இயற்கை முறையில் விளைந்ததைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பதற்காகவே அதுவரை உறை போட்டுக்கொண்டிருந்தார்கள், லேசர் வந்ததும் அதற்குத் தேவை போய்விட்டது.

அப்புறம் இன்னொரு உதாரணம். ஆறு டின்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம், சுருங்கு உறை. கார்ல்ஸ்பெர்க் என்ற பீர் நிறுவனம் 2018இல் டின்களைப் பசைப் புள்ளிகளால் ஒன்றோடொன்று ஒட்டி விற்க ஆரம்பித்தது. அந்தச் சேர்ப்புக்கான பிளாஸ்டிக் 76 சதவீதம் வரை குறையும் என்றார்கள். கைப்பிடி மட்டும் மிச்சம். டின்னைத் திருகினால் கழன்று வரும். உறை செய்த வேலை என்ன என்று சரியாகக் கேட்டதால் கிடைத்த விடை அது: சேர்த்துப் பிடிப்பது, அவ்வளவுதானே.

#7 ஊன்றுகோல்

இந்த இழையில் என் அம்மாவின் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு மூட்டுவாதம், விரல்கள் மடங்காது.

ஒருபக்கம், தேன்சிட்டு சொன்ன அந்தக் கெட்டி ஓடு அவருக்குப் பகை. கத்தரிக்கோலைப் பிடிக்கவே முடியாதவர், வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். ஓட்டை ஒழித்தால் முதலில் சந்தோஷப்படுவது எங்கள் வீடுதான்.

மறுபக்கம், நறுக்கி வைத்த காய், ஒரு வேளைக்கு அளந்த பாக்கெட் இவற்றைப் பார்த்து 'சோம்பேறிகளுக்காக' என்று இணையத்தில் எழுதுகிறார்களே, அதைப் படிக்கும்போது மனது வலிக்கிறது. கத்தி பிடிக்க முடியாத ஒருவர் தனியாகச் சமைத்துச் சாப்பிட அதுதான் வழி. மாத்திரை அட்டையும் அப்படித்தான். ஒவ்வொரு மாத்திரையும் தனிக்குழியில் இருப்பதால் ஈரம் படுவதில்லை, இன்றைக்குச் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்த்தாலே தெரிகிறது. பட்டியல் போடும்போது இப்படிப்பட்டவற்றை எதிரிகளோடு சேர்த்துவிடாதீர்கள்.

#8 தேன்சிட்டு

ஊன்றுகோல், இதை எழுதியதற்கு நன்றி. அட்டைப்பெட்டியின் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் போலிருக்கிறது: உறையை எடுத்தால் யாருக்கு முடியாமல் போகும்?

#9 பிரிப்புமேஜை

குப்பையைத் தரம் பிரிக்கும் ஆலையில் வேலை. உறை எங்கள் பக்கம் வரும்போது என்ன ஆகிறது என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

எங்கள் கன்வேயர் பட்டையில் ஓடுகிற ஒவ்வொரு துண்டின் மேலும் அகச்சிவப்பு ஒளி படும். திரும்பி வரும் ஒளியை வைத்து இது பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்), இது பாலிஎத்திலீன் (பை செய்யும் பிளாஸ்டிக்) என்று கருவி சொல்லும், காற்று ஊதி அதனதன் தொட்டிக்குத் தள்ளும். ஒரு துண்டுக்குக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம். இந்த இடத்தில் பொதி வடிவமைப்பாளர்கள் செய்த ஒவ்வொரு முடிவும் எங்கள் தலையில் விழுகிறது.

கறுப்புத் தட்டு: கரித்தூள் சேர்த்த கறுப்பு, ஒளியை விழுங்கிவிடும். கருவிக்கு அங்கே பட்டை காலியாக ஓடுவது போல்தான் தெரியும். நல்ல பிளாஸ்டிக்தான், இருந்தும் எரிக்கவோ புதைக்கவோ போகிறது. கறுப்பு எதற்கு? பொருள் எடுப்பாகத் தெரிய. வேறு காரணம் நான் கேள்விப்பட்டதில்லை.

முழு உடம்புக்கும் போர்த்திய லேபிள்: பாட்டில் பெட், மேலே சுருங்கிய லேபிள் வேறு பிளாஸ்டிக். கருவி லேபிளைப் படித்துவிட்டுப் பாட்டிலைத் தவறான தொட்டிக்கு அனுப்பும்.

பிவிசி: பழைய கெட்டி ஓடுகளில் நிறைய இருக்கும். பார்த்தால் பெட் மாதிரியே தெளிவாக இருக்கும். பெட்டை உருக்க 250 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும், அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு விடும், கறுப்புப் புள்ளிகள் விழும். கொஞ்சம் கலந்தாலே ஒரு பெரிய சுமை கெட்டுவிடும்.

பளபளக்கும் பாக்கெட்: இதுதான் பெரிய தலைவலி. கையில் எடுத்தால் ஒரே தாள். உண்மையில் மூன்று நான்கு அடுக்கு. வெளியே அச்சுக்கு ஒரு பிளாஸ்டிக், நடுவில் ஆக்சிஜனையும் வெளிச்சத்தையும் தடுக்க அலுமினியப் பூச்சு, உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ள இன்னொரு பிளாஸ்டிக், இடையிடையே பசை. மொறுமொறுப்பைக் காப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அடுக்குகளைப் பிரிக்க எங்களிடம் வழியில்லை. ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் மெல்லிய தடுப்புப் பூச்சு கொடுத்துச் செய்யும் பாக்கெட்டுகள் இப்போது வர ஆரம்பித்திருக்கின்றன, அது நல்ல திசை. அதற்கு முன்பு ஒரு கேள்வி: மொறுமொறுப்பே இல்லாத, காற்றுப் பட்டால் ஒன்றும் ஆகாத பொருட்களுக்கும் ஏன் இதே பாக்கெட்?

கடைசியாக ஒன்று. அம்புகள் சுற்றிவரும் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்குமே, அதைப் பார்த்து மறுசுழற்சியாகும் என்று நம்பாதீர்கள். 1988இல் பிளாஸ்டிக் துறையே கொண்டுவந்த குறியீடு அது, எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்வதற்காக. குழப்பம் தாங்காமல் 2013இல் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கச் சொன்னார்கள். பழைய அச்சுகளில் அம்பு இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

#10 வேங்கைமரம்

இவ்வளவு சிக்கல் எதற்கு? எல்லாவற்றையும் காகிதத்துக்கு மாற்றிவிட்டால் முடிந்தது. மீதிக்கு மட்கும் பிளாஸ்டிக். தீர்வு கண்ணெதிரே இருக்கும்போது ஏன் சுற்றிச் சுற்றிப் பேசுகிறோம்?

#11 பிரிப்புமேஜை

வேங்கைமரம், உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் அந்த இரண்டும் எங்கள் மேஜைக்கு எப்படி வருகின்றன என்று பாருங்கள்.

எண்ணெயும் தண்ணீரும் படும் இடத்தில் வெறும் காகிதம் நிற்காது. ஆகவே உள்ளே பிளாஸ்டிக் பூச்சு, அல்லது பிஃபாஸ் எனப்படும் ஃப்ளோரின் வேதிப்பொருட்கள். முன்னதைக் காகித ஆலை கழிவாகத் தள்ளும். பின்னது இயற்கையில் சிதைய மறுக்கும் வகை, டென்மார்க் 2020 ஜூலையிலிருந்து உணவைத் தொடும் காகிதத்தில் அதைத் தடை செய்துவிட்டது.

மட்கும் பிளாஸ்டிக் என்று விற்பதில் பெரும்பாலும் பிஎல்ஏ, தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் ஒரு பிளாஸ்டிக். அது மட்க 60 டிகிரி அளவு சூடும் ஈரமும் உள்ள தொழிற்சாலை உரக்கூடம் வேண்டும். வீட்டுக் குழியிலோ கடலிலோ பல வருடம் அப்படியே கிடக்கும். பெட்டோடு கலந்து எங்களிடம் வந்தால் அதையும் கெடுக்கும், ஏனென்றால் பெட் துகளை உலர்த்துகிற சூட்டிலேயே பிஎல்ஏ இளகி ஒட்டிக்கொள்ளும். தனியாகச் சேகரிக்கும் ஏற்பாடு இருக்கிற இடத்தில் அது நல்ல பொருள். ஏற்பாடு இல்லாத இடத்தில் பாக்கெட் மேல் இருக்கும் பச்சை இலைப் படத்தால் யாருக்கும் பலனில்லை.

#12 மழைக்குருவி

இதோடு துணிப்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் போட்ட கணக்கில், பருத்திப் பை ஒரு சாதாரண பிளாஸ்டிக் பையை ஈடுகட்ட, புவி வெப்பத்தை மட்டும் பார்த்தால் 52 முறை பயன்பட வேண்டும். எல்லா வகைப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை. அந்தப் பெரிய எண்ணைக் காட்டித் துணிப்பையே வேண்டாம் என்பவர்கள் உண்டு, அது நியாயமில்லை. அந்தக் கணக்கில் தெருவிலும் கடலிலும் சேரும் குப்பை வரவேயில்லை. ஆனால் ஒன்று உறுதி: ஏற்கெனவே இருக்கும் பையைக் கிழியும்வரை பயன்படுத்துவதுதான் மாற்று. விழாவுக்கு விழா இலவசமாகக் கொடுக்கும் புதுத் துணிப்பை இன்னொரு உறைதான்.

கண்ணாடியும் அப்படியே. பிளாஸ்டிக் பாட்டிலைவிடப் பத்து மடங்குக்கு மேல் எடை, உருக்க 1,500 டிகிரி அளவு சூடு. ஒருமுறை பயன்படுத்தி உடைத்து உருக்குவதாக இருந்தால் அது பிளாஸ்டிக்கை மிஞ்சாது.

#13 வேங்கைமரம்

அப்படியென்றால் எதுதான் மாற்று? எல்லாவற்றையும் வேண்டாம் என்றால் கடைசியில் பிளாஸ்டிக்கிடமே திரும்பப் போகிறோமா?

#14 அட்டைப்பெட்டி

இல்லை. நல்ல கேள்வி, பொருளை மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டால் எப்போதும் இந்தச் சந்தில்தான் வந்து நிற்போம். மாற்ற வேண்டியது ஏற்பாட்டை.

கண்ணாடி பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் கனிம நீர் நிறுவனங்கள் 1969இல் ஒரே மாதிரி 0.7 லிட்டர் பாட்டிலைப் பொதுவாக வைத்துக்கொண்டன. வடிவமைத்தவர் கியுன்டர் குபெட்ஸ். எந்த நிறுவனத்தின் பாட்டிலாக இருந்தாலும் அதே வடிவம், லேபிள் மட்டும் வேறு. வாங்குபவர் முன்பணம் கட்டுவார், காலி பாட்டிலை எந்தக் கடையில் கொடுத்தாலும் பணம் திரும்பும், பக்கத்தில் இருக்கும் ஆலை கழுவி நிரப்பிக்கொள்ளும். ஒரு பாட்டில் 50 முறை வரை சுற்றும். அதே கண்ணாடிதான், ஆனால் கணக்கு தலைகீழாகிவிட்டது. இதில் உயிர்நாடி பொது வடிவம். ஒவ்வொரு நிறுவனமும் தன் பாட்டிலுக்குத் தனி வளைவு வேண்டும் என்று நின்றால், காலி பாட்டில் தன் சொந்த ஆலைக்கே தூரப் பயணம் போக வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி, உள்ளே இருக்கும் தண்ணீரைக் குறைப்பது. துணி துவைக்கும் திரவத்தில் பெரும்பங்கு தண்ணீர். வால்மார்ட் 2007இல் அறிவித்து, 2008 மே மாதத்திலிருந்து தன் அமெரிக்கக் கடைகளில் அடர்த்தியான திரவத்தை மட்டுமே விற்றது. சலவை அதே அளவுதான், பாட்டில் பாதியானது. மூன்று வருடத்தில் 4 கோடி கிலோவுக்கு மேல் பிளாஸ்டிக் மிச்சம் என்று அவர்கள் சொன்ன கணக்கு. அதில் ஒரு பாடமும் உண்டு: அதுவரை தயாரிப்பாளர்கள் பலரும் தனியாகச் செய்யத் தயங்கினார்கள். அலமாரியில் சின்ன பாட்டில் குறைவாகத் தெரியுமே என்ற பயம். எல்லாருக்கும் ஒரே நாளில் என்று ஆனதும் பயம் போய்விட்டது.

திரவத்தையே விட்டுவிட்டுக் கட்டியாக்கலாம். சோப்புக் கட்டிக்கு ஒரு காகிதம் போதும், ஷாம்பூவும் அப்படி வருகிறது. ஜப்பானில் ஷாம்பூ, சலவைத் திரவம் போன்றவற்றில் பெரும்பகுதி நிரப்புப் பைகளாகவே விற்கிறது. பை மெல்லியது, பாட்டில் வீட்டிலேயே பல காலம் இருக்கும். அந்தப் பையும் பல அடுக்குதான், பிரிப்புமேஜைக்குப் பிடிக்காது. இருந்தாலும் பாட்டிலைவிட மிகக் குறைந்த பிளாஸ்டிக்.

#15 சிறுதுளி

சின்ன பாக்கெட்டுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு ஒரு முழு பாட்டில் வாங்கப் பணம் ஒரே நேரத்தில் கையில் இருக்காது. அவரிடம் போய்ப் பெரிதாக வாங்குங்கள் என்று சொல்லக் கூடாது. தேவை சின்ன அளவு, சின்ன உறை தேவையில்லை. பாத்திரம் கொண்டுவந்தால் வேண்டிய அளவு ஊற்றிக் கொடுக்கும் இயந்திரங்கள் உண்டு, சிலியில் அல்கிராமோ என்ற நிறுவனம் அதைத்தான் செய்தது: கொஞ்சமாக வாங்கினாலும் மொத்த விலை வீதம். ஏழைகள் சின்ன அளவுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதும் அதில் தீர்கிறது. எனக்கு இந்த இழையில் வந்த மாற்றுகளில் இதுதான் முதலில் நிற்கிறது.

#16 கிடங்குவாசி

ஆமாம் சிறுதுளி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், அந்த இயந்திரத்தைக் கழுவுவது, நிரப்புவது, பழுது பார்ப்பது எல்லாம் தினசரி வேலை. அதற்கு ஆள் போட்டால் ஓடும், இல்லாவிட்டால் அழுக்காகி மூலையில் நிற்கும்.

#17 நடுநிலைமலர்

சட்டம் பக்கம் வருவோம். எல்லாவற்றையும் வாங்குபவரின் தேர்வுக்கு விட்டுவிட்டால் எதுவும் அசையாது, ஏனென்றால் உறையில்லாத பொருள் அலமாரியிலேயே இல்லாதபோது தேர்வு எங்கே இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனி 1991இல் கொண்டுவந்த பொதி ஆணை. 1992 ஏப்ரலிலிருந்து, பொருளின் வெளிச்சுற்று உறையை வாங்குபவர் கடையிலேயே பிரித்துப் போட்டுவிட்டுப் போகலாம், கடைக்காரர் அதற்குத் தொட்டி வைத்தே ஆக வேண்டும். பற்பசை ட்யூப் ஏற்கெனவே மூடிய ட்யூப்தான், அதைச் சுற்றிய பெட்டியும் அதன் மேல் பிளாஸ்டிக் தாளும் கடையிலேயே குவிந்தால் கடைக்காரர் யாரிடம் போய்க் கேட்பார்? தயாரிப்பாளரிடம்தான். அப்படிப்பட்ட வெளிச்சுற்றுப் பெட்டிகள் அங்கே வெகுவாகக் குறைந்தன. மக்களுக்குப் பிரசாரம் செய்து வந்த மாற்றம் இல்லை அது, குப்பை யார் வாசலில் விழுகிறது என்பதை மாற்றியதால் வந்தது. கிடங்குவாசி சொன்ன கூரியர் கட்டணமும் இதே வகைதான்.

தென்கொரியாவில் பொதிக்குள் எவ்வளவு வெற்றிடம் இருக்கலாம் என்று பொருள்வாரியாக வரம்பு உண்டு, 10 முதல் 35 சதவீதம். எத்தனை சுற்று என்பதற்கும் வரம்பு உண்டு, பெரும்பாலும் இரண்டு. சீனா 2023 செப்டம்பரிலிருந்து உணவுக்கும் அழகுசாதனப் பொருட்களுக்கும் அதிகபட்சம் மூன்று அல்லது நான்கு அடுக்கு என்று வைத்திருக்கிறது, பொதியின் செலவு விற்பனை விலையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொதி ஒழுங்குமுறை 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. 2030லிருந்து இணைய வணிகப் பெட்டிகளில் வெற்றிடம் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம்: காற்றுப் பை, குமிழித் தாள், தெர்மாகோல் துண்டு எதை அடைத்தாலும் அதுவும் வெற்றிடமாகவே கணக்கு. பெரிதாகக் காட்டுவதற்காக வைக்கும் இரட்டைச் சுவர், பொய் அடிப்பாகம் எல்லாம் தடை.

#18 மழைக்குருவி

அதே ஒழுங்குமுறையில் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான புதிய காய், பழத்துக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் உறை தடை என்றும் இருக்கிறது. தண்ணீர் வற்றும் காய்களுக்கு விலக்குத் தரவும் உறுப்பு நாடுகளுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். அப்படி விலக்கோடு வரும் சட்டம்தான் எனக்குப் பிடிக்கும்.

#19 வேங்கைமரம்

சட்டம் வரும் இடத்தில் வரட்டும். இப்போது, இந்த வாரம், ஒரு தனி ஆள் என்ன செய்யலாம்? 'பையை மறுக்கவும்' என்பதைத் தாண்டிச் சொல்லுங்கள்.

#20 தேன்சிட்டு

அந்த மெமரி கார்டு நிறுவனத்துக்கு நான் எழுதப்போகும் கடிதத்தை இங்கே போடுகிறேன். யார் வேண்டுமானாலும் பொருளின் பெயரை மாற்றி அனுப்பலாம்.

"வணக்கம். உங்கள் பொருளை இணையத்தில் வாங்கினேன். பொருளுக்கு எந்தக் குறையும் இல்லை. அதைச் சுற்றியுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் ஓட்டைப் பற்றி மூன்று கேள்விகள். ஒன்று, இந்த ஓட்டை எடுத்துவிட்டால் பொருளுக்கு என்ன கெடுதல் நேரும்? இரண்டு, இது கடைத் திருட்டைத் தடுப்பதற்காக என்றால், இணையத்தில் விற்கும் பொருளை அட்டை உறையில் மட்டும் அனுப்ப என்ன தடை? மூன்று, இந்த ஓடு எந்த வகைப் பிளாஸ்டிக்? அதன் மேல் எந்தக் குறியும் இல்லை. கை வலுக் குறைந்தவர்களால் இதைத் திறக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிலை எதிர்பார்க்கிறேன்."

#21 அட்டைப்பெட்டி

நல்ல கடிதம். இதன் பலம் கூடுவதற்கு ஒரு யோசனை. வாடிக்கையாளர் சேவைக்குப் போகும் புகார்களில் 'பொருள்', 'விநியோகம்', 'பொதி' என்று பிரிவு தேர்வு செய்யச் சொல்வார்கள். 'பொதி' என்பதைத் தேர்வு செய்யுங்கள், அப்படிக் குறித்தவை மாதக் கடைசியில் எண்ணிக்கையாக எங்கள் குழுவுக்கு வரும். உடைந்து வந்தது என்ற புகார் எங்கள் கூட்டத்தில் தனி வரியாக இருக்கும், பொதி அதிகம் என்ற புகார் அநேகமாகப் பூஜ்யம். ஆகவேதான் எங்கள் தொழிலில் எல்லாரும் கூட்டிக் கூட்டியே வைக்கிறார்கள். அந்த வரியில் எண்ணிக்கை ஏற வேண்டும்.

#22 கிடங்குவாசி

பெட்டி பெரிதாக வந்திருந்தால் பொருளையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு அளவுகோலோடு படம் எடுத்து அனுப்புங்கள். பெட்டியின் அடியில் ஒரு அளவு எண் அச்சிட்டிருக்கும், அதுவும் படத்தில் தெரியட்டும். ஒரே பொருளுக்கு ஒரே எண்ணோடு நாலைந்து படம் வந்தால், கணினியில் அந்தப் பொருளின் அளவே தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்துவார்கள். திருத்தினால் அடுத்து அந்தப் பொருளை வாங்கும் எல்லாருக்கும் சின்னப் பெட்டி வரும்.

#23 ஊன்றுகோல்

தேன்சிட்டு, கடிதத்தில் கை வலுக் குறைந்தவர்களைச் சேர்த்ததற்கு அம்மா நன்றி சொல்லச் சொன்னார். அவர் பெயரிலும் ஒன்று அனுப்புகிறேன், எங்களுக்கு அது ஒரு பல்துலக்கி ஓடு. பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.